பளபளத்த வீடு

"ஏனுங்க, அந்தப் பெரியவர் நாதஸ்வரத்தை எடுக்கறதுக்குள்ள பார்ட்டி ஊட்டைப் பார்த்துட்டுப் போயிரோணும்," என்றாள் ஜீவிதா.

"நாதஸ்வரத்துக்குப் புதுச் சீவாளி வாங்க சித்தூர் போயிருக்கறாரு. வர நேரமாகும்," என்ற தனபால், வாசலுக்கும் கேட்டுக்கும் நூறாவது தடவையாக நடந்தான்.

பெரியவர் சின்னையன் ரிட்டயரான பிறகு நாதஸ்வரம் பழகுகிறார். அவர் ஊத ஆரம்பித்தால் பாலக்காட்டுப் பெருமாட்டி ஊர் மாடுகளெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கு ஓடிவிடும்.

ஒரு வாரமாகப் புருஷனும் பெண்டாட்டியும் தேய்த்த தேய்ப்பில், வீட்டுத் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

வீடு வாங்க வந்தவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். "தண்ணி எப்படீங்க?"

"எளநி தோத்துப் போயிருமுங்க," என்றாள் ஜீவிதா.

"அக்கம்பக்கம்?"

"நீங்க குடி வந்துட்டா ஒரு சத்தமும் இருக்காதுங்க," என்றான் தனபால்.

"புடிச்சிருக்குதுங்க. அட்வான்ஸ்..." என்று வந்தவர் பையைத் திறக்கும்போது, கேட்டும் திறந்தது. கையில் நாதஸ்வர உறையுடன் சின்னையன்.

ஜீவிதா தனபாலின் முழங்கையை இடித்தாள்.

சின்னையன் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண் கலங்கியது. "வர்றவங்களுக்குத் தொறந்து காட்டுங்கன்னுதானே, தனபாலு, சாவியைக் குடுத்தேன்? என்ற ஊட்டைக் கோயிலாட்டம் ஆக்கி வெச்சிருக்கறீங்களே."

வந்தவரிடம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க. இப்படிப்பட்ட பக்கத்து ஊட்டுக்காரங்களை விட்டுட்டு நான் எங்கீங்க போறது? விக்கலீங்க."

பிறகு தனபாலையும் ஜீவிதாவையும் பிடித்து உட்கார வைத்தார்.

"உங்களுக்காக ஒண்ணு வாசிக்கறேன்," என்று உறையைப் பிரித்தார்.