ஆறாவது கம்பி

ஆறாவது கம்பியை மீட்டும்போது மட்டும் கூடவே ‘கிர்ர்’ரென்று ஒரு சன்னமான இரைச்சல் வந்தது. நாலு கம்பி பேஸ் கிட்டாரில் பதினைந்து வருடம் வாசித்த ரூபன், ஆறு கம்பி வைத்ததை நேற்றுதான் வாங்கியிருந்தான்; பழையதில் இல்லாத இந்த ஆறாவதுதான் எல்லாவற்றிலும் தடித்தது, சுருதி தாழ்ந்தது. கம்பி எங்கோ உரசுகிறது என்று ஆலன் கீயால் திருகி அதைக் கொஞ்சம் தூக்கிவைத்தான். அப்போதும் இரைந்தது. கிட்டாரின் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைக் கால் சுற்று முறுக்கினான். மரம் முனகியதே தவிர இரைச்சல் போகவில்லை. எரிச்சலில் ஓங்கி மீட்டிவிட்டு, உள்ளங்கையால் கம்பியை அமுக்கினான். கிட்டார் ஊமையானது. கிர்ர் மட்டும் இன்னொரு நொடி நீடித்தது, அவன் முதுகுக்குப் பின்னால்.

அங்கே நின்றது அவன் மனைவி ஜெசிந்தாவின் பீரோ. கிட்டாரை மாட்டியபடியே போய்க் கதவில் காதை வைத்து மீட்டினான். உள்ளே லாக்கரில் இரும்போடு இரும்பு மோதிச் சிணுங்கியது. நகையெல்லாம் பேங்க்குக்குப் போன நாளிலிருந்து லாக்கர் காலி என்றுதான் அவள் சொல்லிவந்தாள்.

“ஜெசி, லாக்கருக்குள்ள என்ன ஆடுது?”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. ஈரக்கையோடு வந்த ஜெசிந்தா அவனைப் பார்க்கவில்லை. தேடாமல், தடவாமல், கதவில் சரியாக ஓரிடத்தில் உள்ளங்கையைப் பதித்து அழுத்தினாள்.

“இப்ப வாசிங்க.”

வாசித்தான். அப்பழுக்கில்லாமல் ஒலித்தது.

“சரியாப் போச்சில்ல?” என்றாள். கம்பி ஓய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“கையை எடு ஜெசி,” என்றான் ரூபன். அவன் விரல் ஆறாவது கம்பியின் மேலேயே இருந்தது.