இரண்டு மன்றாட்டுகள்

செபமாலையும் கையுமாக அஞ்சலா தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் முழந்தாளில் நின்றாள். பெட்டியின் மேல் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

“நல்லாய் மண்டாடு அஞ்சலா. பிள்ளை வெல்லோணும்” என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த மரியரட்ணம்.

“அதுக்குத்தானே நிக்கிறன்” என்றாள் அவள், கணவரைத் திரும்பிப் பார்க்காமல்.

2008 பிறந்த முதல் நாள் மாலை. டுசல்டோர்ஃபில் இருட்டிவிட்டது, பெட்டிக்குள் அமெரிக்காவில் வெயில் எறித்தது. வெளியே பல்கனியில் மேல்மாடி நித்தியானந்தன் பனிக்குள் நின்றான். அமெரிக்கச் சனல் அவனிடம்தான் இருந்தது. தன் டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு வந்து, இரண்டு மணித்தியாலம் காற்றோடு மல்லுக்கட்டி, இப்போதுதான் படத்தை வரவழைத்திருந்தான்.

“உள்ளுக்க வாவன் தம்பி, விறைச்சுப் போவாய்!”

“கையை விட்டால் படம் போயிடும் அக்கா. லக்ஸனைப் பாருங்கோ, என்னை என்னத்துக்குப் பாக்கிறியள்?” திறந்திருந்த கதவிடுக்கால் அவன் குரல் வந்தது.

“எல்லாரும் தலையில சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நிக்கிறாங்கள். இதில லக்ஸன் ஆரெண்டு கண்டுபிடிக்கிறது?” என்றார் மரியரட்ணம்.

“சட்டியைக் கழட்டினாலும் உங்களுக்குத் தெரியாது” என்றாள் அஞ்சலா. சர்க்கரை வியாதி அவர் கண்களைப் பாதி மூடிவிட்டிருந்தது.

அவர்களின் மகன் லக்ஸன் இங்கே கால்பந்து விளையாடி வளர்ந்தவன். சனிக்கிழமை தவறாமல் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் இவர்கள் இருவரும். அவன் காலின் பலத்தைப் பார்த்து அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு அழைத்துப்போனது. அங்கே ஃபுட்போல் என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். எப்போதாவதுதான் காலால் அடிக்க ஒருவனைக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒருவன் லக்ஸன். பருவ முடிவில் நல்ல அணிகளுக்கென்று நடத்தும் பவுல் போட்டி இது. அவன் அங்கே விளையாடி அவர்கள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“இதில சரியாய் அடிச்சால் இன்னும் இரண்டு வருசம் வைச்சிருப்பினம் அம்மா. பிழைச்சால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாறன்” என்று நத்தார்ப் பண்டிகையன்று ஃபோனில் சொல்லியிருந்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், மரியரட்ணம் உயிர்த்த ஞாயிறு வரை இருப்பதே கஷ்டம் என்று டொக்டர் சொன்னார்.

“அவனிட்டச் சொல்லப்படாது. படிப்பை எறிஞ்சுபோட்டு ஓடி வந்திடுவான்” என்று மாதா சுரூபத்தில் கைவைக்கச் செய்து, மனைவியிடம் அவர் சத்தியம் வாங்கிவிட்டார்.

சொல்லாமலே அவனை வரவழைக்க அவளுக்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது. செபமாலையின் ஒவ்வொரு மணியிலும் அவள் கேட்டது இதுதான்: ‘மாதாவே, என்ர பிள்ளையின்ர அடி பிழைக்கோணும்.’

“அக்கா, லக்ஸனைக் கூப்பிடுறாங்கள்!” ஆங்கில வர்ணனையைக் கேட்டு நித்தியானந்தன் கத்தினான். “இரண்டு புள்ளிதான் பின்னுக்கு. இந்த அடியோட எல்லாம் முடிஞ்சுது!”

வலையும் இல்லாமல், கோல் காப்பவனும் இல்லாமல், வானத்தை நோக்கி இரண்டு நெட்டைக் கம்பங்கள் நின்றன, இடையே ஒரு குறுக்குக் கம்பி. கமரா லக்ஸனின் முகத்துக்குக் கிட்டப் போனது. அவன் கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டு, பெருவிரலை முத்தமிட்டான். அவள் பழக்கிய பழக்கம்.

அஞ்சலாவின் விரல்கள் நின்றுவிட்டன. அவனும் அதே தாயிடம் அல்லவா கேட்கிறான்?

‘மாதாவே, நான் கேட்டதை விட்டுவிடும். அவன் கேக்கிறதைக் குடும்.’

லக்ஸன் அடித்தான். பந்து நேராகப் போய், எழும்பி, குறுக்குக் கம்பிக்கு வெகு மேலால் பறந்தது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது. அஞ்சலா பாய்ந்து பெட்டியை நிறுத்தினாள்.

“என்னவாம்? என்ன நடந்தது?” என்றார் மரியரட்ணம்.

“கோலுக்கு மேலால போயிட்டுது.”

அவள் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து விம்மினாள்.

“நான்தான் கேட்டனான். அடி பிழைக்கோணும், அவன் வீட்டை வரோணும் எண்டு. கடைசியில மாத்திக் கேட்டனான் அப்பா. பிந்திப்போச்சு.”

மரியரட்ணத்தின் கை தடவித் தடவி வந்து அவள் தலையைத் தொட்டது.

“அழாதை. உனக்கு ஒண்டு சொல்லட்டோ? பிள்ளை வெல்லோணுமெண்டு நானும் வாயாலதான் சொன்னனான்.”

அவள் நிமிர்ந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எப்ப வருவான்?”

“இந்த மாசத்துக்குள்ள வந்திடுவான்.”

“அப்ப அவன்ர கட்டிலை இஞ்சை, எனக்குப் பக்கத்தில போடு. கிட்ட வந்தால் முகம் தெரியும்.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, லக்ஸனின் போர்வையை வெளியே எடுத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நித்தியானந்தன் உள்ளே வந்தான். தலையெல்லாம் பனி, விரல்கள் சிவந்து மடங்க மறுத்தன.

“ஏன் அக்கா நிப்பாட்டினியள்? அடி என்ன மாதிரி?”

“நடுவாலதான் போனது தம்பி. ஆனால் கம்பிக்கு மேலால போயிட்டுது” என்றாள் அஞ்சலா, போர்வையை நெஞ்சோடு அணைத்தபடி.

நித்தியானந்தனின் முகம் மலர்ந்தது. ஓடிவந்து மரியரட்ணத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான்.

“அதில மேலாலதான் அண்ணை போகோணும், உங்கட பிள்ளை வெண்டிட்டான்!”