வலிக்காத வெள்ளிக்கிழமை

"போன வெள்ளிக்கிழமை பூரா எனக்கு வலியே இல்ல!" என்றார் அழகர்.

பதுளையில் வாத நோய்க்காரர்கள் மாதம் ஒருமுறை கூடும் அந்தக் கிளினிக் பெஞ்சே சிரிப்பில் குலுங்கியது. நமுனுகுலை மலையை ஒற்றைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்தேன் என்றிருந்தால்கூட, 'இருக்கும், இருக்கும்' என்று தலையாட்டியிருப்பார்கள். வலிக்காத நாளா? வாதக்காரர்களிடமா இந்தக் கதை?

அதிகம் சிரித்தவள் லுணுகலை றீட்டா. வீட்டில் அவளுடைய பேச்சுத் துணை நான்கு சுவர்கள்தான். அவையும் பதில் பேசி வருஷக்கணக்காகிறது. இந்தப் பெஞ்சுதான் அவளுக்குத் தேர்த் திருவிழா.

"சட்டைப் பித்தானையே மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க, வாயப் பாரு!" என்றாள். "எங்க, ஒங்க சம்சாரம் கருப்பம்மாக்கா வரலியா?"

"அவ வரல தங்கச்சி. நீ கதையக் கேளு" என்று அழகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பூனாகலை சனம் பூரா எங்க தோட்டத்து லயத்து வீட்டு வாசல்லதான். தப்பு மேளச் சத்தம் ஒங்க லுணுகலைக்கே கேட்டிருக்கணுமே! நாக்காலிய எல்லாம் நானே தூக்கிப் போட்டேன். கொதிக்கிற தேத்தண்ணி அண்டாவ நானே எறக்குனேன். சாயங்காலம் தோள்ல பாரத்தோட மேடு ஏறுனேன். கொட்டுற மழையில, செருப்பு இல்லாம!"

"டாக்டர் குளுசைய மாத்திட்டாரா? இல்ல, வேற ஏதும் ஊத்திக்கிட்டீங்களா?"

பெஞ்சு மறுபடி குலுங்கியது. றீட்டாவுக்குச் சிரித்துச் சிரித்து விலா நொந்தது. உடம்பில் அது ஒன்றுதான் இதுவரை நோகாமல் இருந்தது.

அழகர் மட்டும் சிரிக்கவில்லை. "லயத்துலயும் இப்படித்தான். 'அப்ப இத்தன வருசமா நடிச்சியாய்யா? பொண்டாட்டிய சோறு ஊட்ட வச்சியே, அதுவும் நடிப்பா?'ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. மறுநாள் விடிஞ்சா ஒரு விரல் மடங்கல. யாருகிட்ட போயி காட்ட?"

வீங்கிய விரல்களை மடியில் வைத்துப் பார்த்தபடி இருந்தார். "இதே நோவு உள்ளவங்க ஒருத்தராவது நம்புவாங்கன்னுதான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

"ஒரு நாள் முழுக்க விட்டுப் போற வலி எனக்குத் தெரிஞ்சு கெடையாது" என்றாள் றீட்டா, விட்டுக்கொடுக்காமல். "சரி, அவ்வளவு சனத்துக்கு ஒபசாரம் பண்ணீங்களே, ஒருத்தருமா ஒங்க பக்கம் பேசல?"

"பேசுறதாவது! தேத்தண்ணியக் குடிச்சாங்க. போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லாம, ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க."

றீட்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

பக்கத்தில் இன்னும் கெக்கலித்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "சும்மா இருங்க" என்றாள். பிறகு அழகர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்றது நெசந்தாண்ணே. எங்க வீட்டுக்காரர அடக்கம் பண்ணுன அன்னைக்கு எனக்கும் வலிக்கல."