அணை வளைந்த இடம்

“கயிறு பிடிக்கக்குள்ள தும்மல் வந்ததோ, செயலாளர்?”

முஸ்லிம் பகுதிப் பெரியவர் ஆதம்பாவா கேட்டதும் வரம்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். விவசாயச் சங்கச் செயலாளர் யோகலிங்கம் சிரிக்கவில்லை.

கடலோரத்து மண் அணை மூன்று மாரிக்காலமாக உடைந்து, உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறியிருந்தது. இனிமேல் கடலோடு மல்லுக்கட்ட வேண்டாம், அணையை இருநூறு யார் தூரம் உள்ளே தள்ளிக் கட்டுங்கள் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். வெளியே விடுகிற தரையில், உப்புத் தண்ணீரில் வேர்விடும் கண்டல் மரம் வளரும். அலை அதிலேயே அடங்கும். இறாலும் மீனும் பெருகும். மூதூர்ப் பக்கத்து அந்த வயல்வெளியில் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரும் சம்மதித்தார்கள்.

புது அணைக்குக் கயிறு பிடித்து யோகலிங்கம் நட்ட கட்டைகள் நேராகத்தான் வந்தன. நல்லம்மாவின் வயலில் மட்டும் முழங்கை மாதிரி உள்ளே வளைந்து, அதை முழுதாகக் கடல் பக்கம் விட்டிருந்தன.

“கைம்பெண்ட ஒரேயொரு வயல். அது கடலுக்கு. பின்னுக்கு இருக்கிற உங்கட வயல் அணைக்கு உள்ள. நல்ல நியாயம்!”

“காக்கா, அது வந்து...” யோகலிங்கம் நல்லம்மாவைப் பார்த்தான். அவள் குனிந்துகொண்டாள்.

“நேராக் கட்டுவம். மூலையால ஒரு துண்டுதான் போகும், மிச்சம் நல்லம்மாப் புள்ளைக்குத் தப்பும். அணைக்கு மண்ணையும் அந்த மூலையிலேயே வெட்டலாம். நானே வெட்டுறன். என்ட ஹிஸ்புல்லா வந்தானெண்டா அவனும் வெட்டுவான்.”

தொண்ணூறாம் ஆண்டுத் தமிழர்-முஸ்லிம் கலவரத்தில் மாடு தேடிப் போன மகன் ஹிஸ்புல்லா. இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. அவனுடைய தாய் றுக்கியா இன்னும் பகலில் ஒரு கோப்பைச் சோறு மூடி வைக்கிறாள்.

ஆதம்பாவா கட்டையைப் பிடுங்கி, நல்லம்மா வயலின் வாகை மரத்து மூலையில் நட்டார். மண்வெட்டியை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார்.

“வேண்டாம் காக்கா!”

நல்லம்மா ஓடிவந்து வெட்டின இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“தம்பியிலை பிழை இல்லை. வயலை வெளியிலை விடச் சொல்லி நான்தான் கேட்டனான்.”

“நீயா? ஏன்?”

அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

“காணி இழந்தவைக்கு நிவாரணம் குடுப்பினமாம். தகரம், அரிசி, மா... வயல் செய்ய எனக்கு இனி ஏலாது.”

கூட்டத்தில் ஒருவன் சீட்டியடித்தான். “ஓசிச் சோத்துக்குக் கடலையே கூப்பிட்டுட்டா அக்கா!”

ஆதம்பாவா மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

“உனக்காகக் கதைச்ச என்னைச் செருப்பால அடிக்கோணும்.”

காறித் துப்பிவிட்டு நடந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

யோகலிங்கம் மட்டும் நின்றான்.

“நிவாரணக் கதை என்னட்டைச் சொல்லேல்லையே, அக்கா. உப்பேறின வயல், விட்டுவிடு எண்டுதானே சொன்னனீங்கள்?”

அவள் வெட்டுண்ட மண்ணைக் கையால் தள்ளி, குழியை மூடித் தட்டினாள்.

“கண்டல் வேர் பிடிச்சால் இதிலை ஒருத்தரும் மண்வெட்டி போடாயினம், என்ன தம்பி?”

“ஓம். ஏன்?”

“கலவரம் நடந்த கிழமை இந்த மரத்தடியிலை கிடந்தான். ஆர் சுட்டதெண்டு எனக்குத் தெரியாது. தமிழாக்களின்ர வயலிலை கிடந்தான் எண்டு தெரிஞ்சால் ரெண்டு ஊரும் எரிஞ்சிருக்கும். நான் ஒருத்தியாத்தான் கிடங்கு வெட்டிப் புதைச்சனான்.”

“ஆர் அக்கா?”

தூரத்தில் வரம்போடு போய்க்கொண்டிருந்த ஆதம்பாவாவை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அவையின்ர முறை எனக்கு முழுக்கத் தெரியாது, தம்பி. முகத்தை மட்டும் மேற்காலை திருப்பி வைச்சனான்.”