டேப் ஒட்டிய கண்ணாடி

மாலை நான்கு பத்து. ஜன்னல் வெளிச்சத்தில் விமானி தன் பொம்மைப் போர்விமானத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சேர்த்த உடல் உள்ளங்கை அளவுதான். மிச்சமிருப்பது விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியின் குறுக்கே ஓடும் மெல்லிய சட்டங்கள். இருபது வருடமாக அந்தச் சட்டங்களை மெல்லிய தூரிகையால், வெறும் கையில் இழுத்தவர். வண்ணம் கோட்டைத் தாண்டாமலிருக்க ஓரங்களில் டேப் ஒட்டிக்கொண்டு பூசுகிறவர்களைக் கண்டால் சிரிப்பார். இன்று கண்ணாடி முழுக்க மஞ்சள் டேப். தின்னர் வாடை அறையை அடைத்து நிற்கிறது. வலது மணிக்கட்டை இடது கை பிடித்திருக்கிறது; அப்படியும் தூரிகை குப்பியின் விளிம்பில் விடாமல் தட்டுகிறது. இஸ்திரி போட்ட சீருடைச் சட்டையை நாற்காலியில் மாட்ட வந்த மனைவி டேப்பைப் பார்த்து நிற்கிறாள்.

"டேப் ஒட்டுறது சோம்பேறிங்க வேலைன்னு சொல்வீங்களே."

"கண்ணு கூசுது."

"கூசுறது கண்ணா, நடுங்குறது கையா?"

அவர் தூரிகையைக் கழுவுகிறார். தின்னர் சாம்பல் நிறமாகிறது.

"நாளைக்கு மெடிக்கல் டெஸ்ட்ல டாக்டர் கைய நீட்டச் சொல்வாரே."

"ராத்திரி தூக்கமில்லைன்னு சொல்லிக்கிறேன். போன தடவையும் அதைத்தான் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு."

சட்டையின் தோளில் நான்கு தங்கக் கோடுகள். அவற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நூலை அவள் விரலால் பிய்த்தெடுக்கிறாள்.

"பின்னாடி நூத்தியெம்பது பேரு உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்டயும் தூக்கமில்லைன்னுதான் சொல்லுவீங்களா?"