மூன்றாவது கம்பி

தையல்காரம்மா வாங்க வந்திருக்கும் முதல் ஸ்டீல் கிட்டார் அவள் முன் மேசைபோல நிற்கிறது. மேலே பத்துக் கம்பிகள், கீழே பெடல்கள், முழங்காலால் தள்ள நெம்புகோல்கள். தையல் மெஷினில் இருபது வருடம் பழகிய கால் தானாகவே பெடலைத் தேடிப் போகிறது. ஜன்னல் வெயிலில் கம்பிகளின் பிசுக்கு மினுங்குகிறது. விற்கிறவன் வடை தின்ற விரலைத் துடைக்காமலே அவற்றைத் தடவிக் காட்டுகிறான். "கம்பி கட்டியிருக்கறது ஈ-நைன் சுருதியிலா, சி-சிக்ஸிலா?" என்று அவள் கேட்கிறாள். "எல்லாம் ஒண்ணுதாங்க, கம்பிதானே." அவள் பெடலை மிதிக்கிறாள். நாதம் வழுக்கி மேலேறி, சேரவேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. "ஈ-நைன்," என்கிறது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழக்குரல். "மூணாவது கம்பி எறங்கியிருக்கு." அவள் முறுக்காணியை மெல்லத் திருகுகிறாள். "ம், போதும்."

"யாரு அது?"

"அப்பா."

"காலமாயிட்டாருன்னு விளம்பரத்துல போட்டிருந்தீங்களே?"

"ரெண்டு வருஷமா படுக்கைதான். போன மாதிரிதானே," என்று பல்லைக் குத்திக்கொண்டே சொல்கிறான். திரை அசைகிறது, துவைக்காத துணியின் மூத்திர நெடி வருகிறது. அந்த நெடியைவிட இவன் பல்லிடுக்கில் துழாவும் சத்தம்தான் அவளுக்குச் சகிக்கவில்லை. அவள் திரைப்பக்கம் திரும்பி, "ஐயா, இதை விக்க உங்களுக்குச் சம்மதந்தானே?" என்கிறாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. "விக்கிறதா? ரிப்பேர் பாக்க ஆள் வருதுன்னுல்ல சொன்னான்."

விற்கிறவன் இளித்துக்கொண்டு கண்ணடிக்கிறான். தையல்காரம்மா எழுந்து பையை மாட்டிக்கொள்கிறாள்.

"ஆமாங்கய்யா, ரிப்பேர்தான்," என்கிறாள் திரையைப் பார்த்து. "முடிஞ்சுது."