சமாதான அண்ணாச்சியின் மாடி வீடு

"ஏன் தம்பி, ஏரோப்ளேன்ல இருந்து போடுத குண்டு செய்யுதீங்களாம்ல?"

வாசல்படியில் நின்று வீட்டுக்காரர் வெள்ளைத்துரை அண்ணாச்சி இப்படிக் கேட்டதும், தனபாலன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே நின்றிருந்த சீதா சட்டென்று உள்ளே மறைந்தாள். குழாயடியில் அண்ணாச்சியின் மனைவி இசக்கியம்மாளிடம் புருஷன் பெருமையை அளந்தது வேறு யாராக இருக்க முடியும்?

வந்த வம்பு சாதாரண வம்பு இல்லை. ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, மயிலாப்பூர் உலக சமாதான சங்கத்தின் தலைவர். அந்தச் சங்கத்தில் உபதலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் உண்டு. சாதாரண உறுப்பினர்தான் இன்னும் யாரும் சேரவில்லை. பங்களாதேஷ் யுத்தம் முடிந்ததிலிருந்து மாதாமாதம் கூட்டம் போட்டு, உலகத்து ஆயுதங்களையெல்லாம் கடலில் கொட்டச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றி வந்தார்கள். மெரினா பக்கத்திலேயே இருப்பதால் அது சுலபமான காரியமாகத் தோன்றியிருக்கலாம்.

"குண்டு இல்லை அண்ணாச்சி, ராக்கெட்" என்றான் தனபாலன். "எல்லாத்தையும் சொல்லக்கூடாது. பொதுவா சொல்றேன். நம்ம சிப்பாய் வெட்டவெளியில படுத்திருக்கான். எதிரி பதுங்குகுழிக்குள்ள இருந்து சுடறான். நம்ம விமானம் மேலேயிருந்து உதவிக்கு வருது. ஆனா ரெண்டு பேரும் கிட்டக் கிட்ட இருந்தா, குண்டு நம்மாள் மேலயே விழுந்துடலாம். அப்படி விழாம, குறி பார்த்த இடத்துக்கு மட்டும் போற மாதிரி ஒண்ணு செய்யப் பார்க்கிறோம்."

"எப்ப முடியும்?"

"இப்பத்தானே ஆரம்பம். நாலஞ்சு வருஷம் ஆகும்."

அண்ணாச்சியின் முகம் கறுத்துப்போயிற்று.

"நாலஞ்சு வருஷமா? அது வரைக்கும் என் மாடியில இருந்துக்கிட்டே இதைச் செய்வீங்களாக்கும்?"

"ஆபீஸ் தாம்பரம் தாண்டி இருக்கு அண்ணாச்சி. இங்கேயிருந்து பஸ்ல மாம்பலம் போய், ரயில் பிடிச்சு..."

"அதெல்லாம் சரிப்படாது. மாசக் கடைசியோட மாடியைக் காலி பண்ணிடுங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

சீதா வெளியே வந்தாள். "குடி வந்து பால் காய்ச்சின ஈரம்கூட காயலை. உங்களால எறும்பைக்கூட நசுக்க முடியாது. உங்களைப் பார்த்தா கொலைகாரன் மாதிரியா இருக்கு அவருக்கு?"

"நீ குழாயடியில இன்னும் கொஞ்சம் கம்மியா பேசியிருக்கலாம்" என்றான் தனபாலன்.

வீடு தேடும் படலம் ஆரம்பித்தது. அடையாறில் ஒருவர் குழந்தை பிறக்காது என்று உத்தரவாதம் கேட்டார். அசோக் நகரில் ஒரு அம்மாள் மீன் வாசனை ஆகாது என்றாள். தனபாலன் தினம் ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பித் தெருத் தெருவாக அலைந்தான். மேலதிகாரி முறைத்தார். ராக்கெட் அது பாட்டுக்கு மேஜை மேல் படமாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். லஸ் பக்கம் வீடு பார்க்கப் போன தனபாலன், ஒலிபெருக்கியில் தெரிந்த குரல் கேட்டு நின்றான்.

"ஆயுதம் செய்யுத கைக்கு என் வீட்டுல இடமில்லை. சொல்லோட நிக்கல, செஞ்சே காட்டிட்டேன்!"

உபதலைவர் முதற்கொண்டு எல்லாரும் கை தட்டினார்கள். தனபாலனுக்குக் காது சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் சீதாவிடம் சொன்னான். "தாம்பரத்துலயே எதாவது ஓட்டு வீடு கிடைச்சாலும் போயிடலாம். இந்த மனுஷன் முகத்துல இனிமே முழிக்க வேண்டாம்."

மறுநாள் காலையில் அந்த மனுஷனே முகம் காட்டினார். உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தி, மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"தாம்பரம் தாண்டி வீடு. உங்க ஆபீஸ் கேட்டுக்குக் கூப்பிடுத தூரம். கிணறு இருக்கு, தனிக் கொல்லை இருக்கு. இங்க குடுக்குத வாடகைதான், பேசி முடிச்சிட்டேன். சாமான் ஏத்த கடை லாரி வரும்."

தனபாலன் சாவியை வாங்கவில்லை. "நேத்து மைக்குல என்னைத் துரத்தினதைக் கேட்டேன் அண்ணாச்சி. இன்னிக்கு வீடும் நீங்களே பார்த்துக் குடுக்கறீங்க. என்னை என்னன்னு நினைச்சீங்க?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். மைக் முன்னால் முழங்கியவர் இப்போது கிசுகிசுத்தார்.

"கோவப்படாதீங்க தம்பி. காலையில பஸ்சும் ரயிலுமா அலைஞ்சு போறீங்க. சாயங்காலம் கசங்கிப்போயி வாறீங்க. பாதிப் பொழுது வழியிலயே போவுது. பக்கத்துல இருந்தா அந்த நேரத்தையும் வேலையில போடலாம்ல? நாலஞ்சு வருஷத்தை ரெண்டு, மூணா ஆக்கப் பாருங்க."

"ராக்கெட்டையா? நீங்களா சொல்றீங்க?"

அண்ணாச்சி சாவியை அவன் கைக்குள் திணித்து, விரல்களை மூடினார்.

"என் மூத்த மவன் காலாட்படையில இருக்கான் தம்பி. சங்கத்துல சொல்லிடாதீங்க."